நொதியின் மடியில் உட்கார்ந்தது யார்?

என் நாத்தனார் ஒரு கதவைச் சாத்துவதை நீங்கள் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். முதலில் கைப்பிடியைக் கீழே அழுத்திப் பிடித்துக்கொள்வாள். இன்னொரு கையைக் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் வைத்து, கதவு வந்து கையில் முட்டியதும் மெதுவாக உருவிக்கொள்வாள். அப்புறம்தான் கைப்பிடியை விடுவாள். பொட்டுச் சத்தம் வராது. அவள் அறைக்குள் இருக்கிறாளா, வெளியே போய்விட்டாளா என்றே வீட்டில் யாருக்கும் தெரியாது. எனக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். நான் இரண்டு கையிலும் பை இருந்தால் காலால் உதைத்துச் சாத்துகிற ரகம்.

"அண்ணி, கொஞ்சம் மெதுவா மூடக் கூடாதா?" என்பாள்.

"இது வீடுடி. உன் படிக அறை இல்ல. இங்க எதுவும் ஆடி உடைஞ்சு போயிடாது."

"பழக்கம் கெட்டுப் போயிடும் அண்ணி."

யாருடைய பழக்கம் என்று சொல்ல மாட்டாள். சொல்லியிருந்தால் அன்றைக்கே ஒரு சண்டை போட்டு முடித்திருப்பேன்.

நாத்தனாரைப் பற்றி அண்ணி நாலு நல்ல வார்த்தை எழுதுவது உலக வழக்கம் இல்லை என்பது எனக்கும் தெரியும். அதனால் முதலில் குறைகளைச் சொல்லிவிடுகிறேன். டீயை ஆறவைத்து, ஆடை படிந்த பிறகுதான் குடிப்பாள். ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் நான் கேட்டதே எனக்கு மறந்துபோகும். 'ஒரு மாசம் தங்கிட்டுப் போறேன்' என்று ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள், இன்னும் அந்த ஒரு மாதத்தை முடிக்கவில்லை. நானும் முடிக்க விடவில்லை என்பது வேறு விஷயம். 'இவளுக்கு எப்போ கல்யாணம்?' என்று என் காதுபடக் கேட்டவர்கள் யாரும் இரண்டாவது தடவை கேட்டதில்லை. அவளை நான் ஆயிரம் சொல்வேன், அடுத்தவர் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது.

சின்ன வயதிலேயே அவள் இப்படித்தானாம். என் கணவர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஒருநாள் கண்ணாமூச்சி ஆடியபோது தங்கச்சி அலமாரிக்குப் பின்னால் போய் ஒளிந்திருக்கிறாள். மற்ற பிள்ளைகள் ஆடி முடித்து, வீட்டுக்குப் போய், சாப்பிட்டும் ஆயிற்று. இவளைக் காணோம் என்று தெருவே தேடியது. கடைசியில் அலமாரியை நகர்த்தினால் அதே இடத்தில் நிற்கிறாள். 'ஏண்டி வெளிய வரல?' என்று கேட்டதற்கு, 'யாரும் இன்னும் கண்டுபிடிக்கலயே' என்றாளாம். அந்தப் பிள்ளைக்குப் படிகம் வளர்க்கும் வேலை கிடைக்காமல் வேறு யாருக்குக் கிடைக்கும்?

நாங்கள் இருவரும் ஒரே ஆய்வு நிலையத்தில்தான் வேலை செய்கிறோம். நான் மேல் மாடியில் புதுப்புது மூலக்கூறுகளைச் செய்கிறவள். புகை, நாற்றம், கண்ணாடிக் குடுவைகள், கத்தல் எல்லாம் உள்ள இடம். அவள் கீழ்த்தளத்தில், கட்டடம் கொஞ்சமும் அதிராத மூலையில், எப்போதும் ஒரே குளிரில் இருக்கும் ஓர் அறையில் இருக்கிறாள். நிலையத்தில் அவளுக்குத் துளியம்மா என்று பெயர். நாள் முழுக்கத் துளிகளோடுதான் குடித்தனம்.

அவள் வேலை இதுதான். ஒரு கிருமியின் நொதியை, அதாவது என்சைமை, சுத்தமாகப் பிரித்தெடுத்து, அதில் ஒரு சொட்டைப் பொத்தான் அளவுள்ள மெல்லிய கண்ணாடித் தகட்டில் வைப்பாள். அதோடு ஒரு சொட்டு உப்புக் கரைசல் சேர்ப்பாள். பிறகு அந்தத் தகட்டைச் சட்டென்று கவிழ்த்து, சின்னக் கிண்ணம் ஒன்றின் வாயில் மூடுவாள். விளிம்பில் கிரீஸ் தடவியிருப்பதால் காற்றுப் போகாது. சொட்டு தலைகீழாகத் தொங்கும். கிண்ணத்தின் அடியில் உள்ள உப்புக் கரைசல் அதிலிருந்து தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கும்போது, சொட்டு மனது வைத்தால், உள்ளே ஒரு படிகம் வளரும். மனது வைக்காவிட்டால் திரிந்த பால் மாதிரி கசடுதான். யாராவது கதவை ஓங்கி அறைந்தால் வளர்கிறதும் கெட்டுப்போகும் என்பது அவள் நம்பிக்கை.

படிகம் வளர்ந்துவிட்டால் அதை ஒரு நூலிழை வளையத்தால் அள்ளி, திரவ நைட்ரஜனில் முக்கி உறையவைத்து, எக்ஸ்ரே பாய்ச்சுவார்கள். நொதி எப்படிச் சுருண்டு மடிந்திருக்கிறது என்பது கடைசியில் கணினித் திரையில் நீல வலையாக வரும். அந்த வலைக்குள் அணுக்களை ஒவ்வொன்றாகப் பொருத்திக்கொண்டு போக வேண்டும். நாம் பொருத்தியதற்கு மேல் அங்கே ஏதாவது இருந்தால், அந்த இடம் பச்சையாகத் தெரியும். 'இங்க இன்னொரு ஆள் இருக்கு, நீ கணக்குல சேர்க்கல' என்று அர்த்தம்.

எங்கள் நொதி, ஆறாத புண்ணில் குடியிருக்கும் ஒரு கிருமியுடையது. கிருமி தன்னைச் சுற்றிச் சுவர் கட்டிக்கொள்ள அது வேண்டும். அதன் உடம்பில் ஒரு பள்ளம் உண்டு. அந்தப் பள்ளத்தில்தான் வேலை நடக்கிறது. நாங்கள் இருவரும் அதற்கு மடி என்று பெயர் வைத்திருந்தோம். அந்த மடியில் போய் உட்கார்ந்துகொண்டு வேலையைக் கெடுப்பதற்காக நான் செய்த சின்ன மூலக்கூறுக்குப் பெயர் பொடியன். ஒரு வளையம், ஒரு வால், அவ்வளவுதான் அவன். சோதனைக் குழாயில் நொதியின் வேலையை அவன் தடுத்தான். ஆனால் பிடி போதவில்லை. வால்தான் மடிக்குள் இருக்கிறது என்று நினைத்து, அந்த வாலில் ஒன்றை மாற்றி ஒன்றாக ஒட்டிப் பார்த்தேன். வருஷக்கணக்கில் ஒட்டினேன். பிடி கூடவே இல்லை.

அவன் மடியில் எப்படி உட்கார்ந்திருக்கிறான் என்று ஒரு படம் வேண்டும். படம் இல்லாவிட்டால் திட்டக் குழு வேலையை நிறுத்திவிடும், பொடியன் உறைபெட்டிக்குப் போய்விடுவான், என்னை வேறு எங்காவது மாற்றிவிடுவார்கள். பெற்ற பிள்ளைக்குக்கூட நான் இவ்வளவு பாடுபட்டிருப்பேனா தெரியவில்லை. எங்களுக்குப் பிள்ளையும் இல்லை.

குழுவின் கூட்டத்துக்கு முன்னால் படம் வந்தது. மடியில் பச்சையாக ஒரு கட்டி, வளையமும் வாலுமாக! வால் உள்ளே, நான் நினைத்த மாதிரியே. நான் போட்ட கூச்சலில் மேல் மாடிக்காரர்கள் தீப்பிடித்துவிட்டது என்று ஓடிவந்தார்கள். எங்கள் ஆய்வகத் தலைவர் தங்கமான மனிதர், ஆனால் அவசரக்காரர். அன்றைக்கே படத்தைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் மாட்டி, கேக்கும் வாங்கி வந்துவிட்டார். துளியம்மா மட்டும் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் நின்றாள்.

"இன்னும் கொஞ்சம் பார்க்கணும் அண்ணி."

"உனக்கு எப்பவுமே இன்னும் கொஞ்சம் பார்க்கணும். முதல்ல அந்த கேக்கைச் சாப்பிடு."

சாப்பிட்டாள். முகம் மட்டும் வெளுத்துத்தான் இருந்தது.

இரண்டு நாள் கழித்து நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். எங்கள் வீட்டில் சமையலறைக் கதவை யாரும் சாத்துவதே கிடையாது. குழாயை மூடிவிட்டுத் திரும்பினேன்.

"அண்ணி, மடியில இருக்கறது நம்ம பொடியன் இல்ல."

"பின்ன யாரு, உங்க அண்ணனா?"

"பஃபர்."

பஃபர் என்பது கரைசலின் புளிப்பு ஏறி இறங்காமல் பிடித்து நிறுத்த நாங்கள் ஊற்றுகிற சாதாரணப் பொருள். எங்கள் பஃபருக்கும் ஒரு வளையம், ஒரு வால் உண்டு. அவள் நிதானமாகச் சொன்னாள். பொடியனைப் பொருத்திய பிறகும் வால் நுனியில் ஒரு பொட்டுப் பச்சை மிச்சம் இருந்ததாம். பொடியனின் வால் நுனியில் உள்ளதைவிடக் கனமான ஓர் அணு அங்கே இருந்தால்தான் அப்படித் தெரியும். பஃபரின் வால் நுனியில் கந்தகம் இருக்கிறது. சந்தேகம் தீராமல், பொடியனைக் கலக்காமல் வளர்த்த வெறும் படிகத்தை எடுத்து அதையும் படம் பிடித்திருக்கிறாள். அதன் மடியிலும் அதே பச்சைக் கட்டி!

நான் கையிலிருந்த கரண்டியைத் தொட்டியில் போட்டேன். போட்டேன் என்பது மரியாதைக்குச் சொல்கிற வார்த்தை.

"கூட்டம் முடிஞ்ச பிறகு சொன்னா வாய் வெந்தா போயிடும் உனக்கு?"

"சொல்லியிருக்கலாம். ஆனா நீங்க அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்துத்தானே இனிமே வேலை செய்வீங்க? ஆள் அளவு தெரியாம சட்டை தைக்கிற மாதிரி ஆயிடும் அண்ணி."

"எனக்கு நீ தையல் சொல்லித்தர வேண்டாம். போ, என் கண்ணு முன்னால நிக்காத!"

போனாள். அப்போதும் அந்தக் கதவைச் சத்தமில்லாமல்தான் சாத்தினாள். எனக்கு அதுதான் இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. ஒரு மனுஷி திட்டு வாங்கினால் கதவையாவது அறைந்துவிட்டுப் போக வேண்டாமா?

அன்று கோபப்பட்டது தப்பு என்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன். எனக்கு வலித்தது, கத்தினேன். ஆனால் அவள் சொன்னது பொய் என்று ஒரு நொடிகூட நினைக்கவில்லை. மறுநாள் காலையில் போய் அந்தப் படத்தைச் சுவரிலிருந்து நானே கழற்றினேன். குழுவின் முன்னால் நின்று, 'படத்தில் இருப்பது பஃபர், எங்கள் மூலக்கூறு இல்லை' என்று என் வாயாலேயே சொன்னேன். தலைவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். குழுவோடு என்னென்னவோ பேசிவிட்டு வெளியே வந்து, "அடுத்த கூட்டம் வரைக்கும் விடச் சொல்லிக் கெஞ்சியிருக்கேன்மா. அதுக்குள்ள உண்மையான படம் வரலன்னா பொடியனை மூட்டை கட்ட வேண்டியதுதான்," என்றார்.

வீட்டில் நான் அவளோடு பேசுவதை நிறுத்தினேன். 'அவகிட்ட சொல்லுங்க, டீ ஆறுதுன்னு' என்று என் கணவர் வழியாகத்தான் எல்லாம். அவர் பஸ் ஓட்டுகிறவர். நாள் முழுக்க ஊர்ச் சண்டையைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் இங்கேயும் இதுதான்.

"நான் என்ன தபால்காரனா? என்னதான்டி உங்க பிரச்சினை? அண்ணி செஞ்ச ஆளு உட்கார வேண்டிய சீட்டுல வேற ஒருத்தன் உட்கார்ந்துட்டான், அவ்வளவுதானே? அவன வண்டியில ஏத்தாதீங்க!"

"அதைத்தான் அண்ணா செஞ்சுக்கிட்டு இருக்கேன்," என்றாள் அவள், ஆறிப்போன டீயைப் பார்த்தபடி.

செய்துகொண்டுதான் இருந்தாள். அந்தப் பஃபரைத் தூக்கிப் போட்டுவிட்டு, மடியில் உட்கார முடியாத வேறொன்றில் படிகம் வளர்க்கப் பார்த்தாள். வளரவில்லை. தட்டுத் தட்டாகக் கசடுதான் வந்தது. அவள் வாயால் இதைச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் மேனேஜரை மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள், அதிலிருந்தே எனக்குத் தெரியும்.

மேனேஜர் எங்கள் வீட்டுப் பூனை. ஒரு வேலையும் செய்யாமல் எல்லாவற்றையும் மேற்பார்வை பார்ப்பதால் வந்த பெயர். ஆனால் நிலையத்திலேயே அதற்கு ஒரு வேலை உண்டு. தானாக வளராத படிகத்துக்கு விதை போட வேண்டும். பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரிதான். பழைய படிகத்தை நசுக்கி, அந்தத் தூளில் ஒரு பூனை மீசை முடியின் நுனியைத் தொட்டு, புதுச் சொட்டின் குறுக்கே ஒரே ஒரு கோடு இழுப்பாள். நுனி மெல்லிசாக, விறைப்பாக, தூளைக் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்கிற மாதிரி இருப்பதால் அதற்கு ஈடு வேறு இல்லையாம். கோடு போன வழியெல்லாம் படிகம் வரிசையாக முளைக்கும். ஒரு கரைசலில் பட்ட நுனியை இன்னொன்றில் தொட மாட்டாள். தானாக உதிர்ந்த மீசைதான் எடுப்பாள், பிடுங்கினது கிடையாது. உதிர்ந்ததையெல்லாம் ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு வைப்பாள்.

"அவகிட்ட மீசை தீர்ந்துபோச்சாம்," என்றார் என் கணவர் ஒருநாள், செருப்பை மாட்டிக்கொண்டே. "மேனேஜர் இப்போ உதிர்க்கவே மாட்டேங்குதாம். கடைசி ஒண்ணு போன வாரமே தீர்ந்துடுச்சாம்."

"எனக்கென்ன வந்தது?" என்றேன்.

அவர் தெருமுனை திரும்புகிற வரைக்கும் ஜன்னலில் நின்று பார்த்தேன். பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு தரையில் மண்டிபோட்டேன். சோபாவுக்கு அடியில், கட்டிலுக்கு அடியில், துணிக்கூடைக்குப் பின்னால், மெத்தை இடுக்கில் எல்லாம் பார்த்தேன். மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்து என்னை மேற்பார்வை பார்த்தது. "பேசாம ஒண்ணு குடுத்துத் தொலையேன்டா," என்று அதனிடம் மூக்கால் அழுதேன். அலமாரியை நகர்த்தினேன். பின்னால், தூசிக்கு நடுவில், விறைப்பாக, வெள்ளையாக ஒன்று கிடந்தது. அதை நான் விரல் நுனியில் பிடித்து எழுந்தபோது வாசலில் என் கணவர். சாவியை மறந்துவிட்டுப் போயிருக்கிறார்.

"உனக்கென்ன வந்தது?" என்று கேட்டார்.

"தூசி தட்டறேன். கண்ணு தெரியல?"

மீசையைத் துடைத்து, சுத்தமான காகிதத்தில் மடித்து, அவளுடைய சாப்பாட்டு டப்பாவின் மேல் ரப்பர் பேண்டு போட்டு மாட்டிவைத்தேன். அவள் எடுத்துப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் அடுப்பைப் பார்த்தேன். அன்றும் நாங்கள் பேசவில்லை. ஆனால் ராத்திரி என் கணவர் தூது சொல்ல வாயைத் திறப்பதற்குள் என் தட்டில் அவளே கறியை அள்ளி வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு எனக்கு அவளைக் கண்ணால் காண்பதே அரிதாகிவிட்டது. படிகம் முளைத்தது என்றும், அதை எக்ஸ்ரேக்கு அனுப்பிவிட்டார்கள் என்றும் கீழ்த்தளத்துக் காவலாளி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கூட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது. மாற்றல் வந்தால் எந்த மாடிக்குப் போடுவார்கள் என்று யோசித்துக்கொண்டே என் மேஜையின் இழுப்பறைகளைக் காலிசெய்ய ஆரம்பித்தேன்.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம். என் கணவர் நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தார். நான் சமையலறையில் இருந்தேன்.

படார்!

வீடே அதிர்ந்தது. காலண்டர் சுவரிலிருந்து கழன்று விழுந்தது. மேனேஜர் பாய்ந்து சோபாவுக்கு அடியில் போய்விட்டது. என் கையிலிருந்த டம்ளர் தவறித் தண்ணீரெல்லாம் கால்மேல் கொட்டியது.

"எவ அது? கதவை மெதுவா மூடத் தெரியாது?" என்று கத்திக்கொண்டே வெளியே வந்தேன்.

கூடத்தின் நடுவில் என் நாத்தனார் நின்றாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பின்னல் அவிழ்ந்து, மூச்சு வாங்க, மடிக்கணினியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். அவள் கதவை அறைந்து பார்த்தது அன்றுதான் முதல் தடவை. இத்தனை நாளுக்குப் பிறகு நான் அவளிடம் பேசிய முதல் வார்த்தையும் அதுதான்.

"அண்ணி, இருக்கான்!"

யார் என்று நான் கேட்கவில்லை. சாப்பாட்டு மேஜையில் கணினியைத் திறந்தாள். நீல வலை, நடுவில் மடி, மடியில் பச்சை. பொடியனைப் பொருத்தினாள். பச்சை துளிகூட மிச்சமில்லாமல் மறைந்தது. "வெறும் படிகத்தையும் பார்த்துட்டுத்தான் வரேன். அதுல மடி காலி. இவன் நிஜமாவே நம்ம ஆளு," என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கினாள். "ஆனா திரும்பி உட்கார்ந்திருக்கான் அண்ணி."

பார்த்தேன். வளையம் உள்ளே இருந்தது. வால் வெளியே, தண்ணீரில் நீட்டிக்கொண்டு கிடந்தது. நான் இத்தனை வருஷம் அந்த வாலில் ஒட்டியதெல்லாம் நொதியின் மேலே படாமல் வெட்டவெளியில் தொங்கியிருக்கிறது. பிடி எங்கேயிருந்து கூடும்? வளையத்துக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலியாக, ஏதாவது வைக்க மாட்டாயா என்று கேட்கிற மாதிரி இருந்தது. அந்தப் பழைய படத்தில் பஃபரின் வால் உள்ளே இருந்ததே, அதை நம்பியிருந்தால் நான் ஓய்வு பெறும் நாள் வரைக்கும் வாலிலேயே ஒட்டிக்கொண்டு இருந்திருப்பேன். ஒன்றுக்கும் ஆகாமல், காரணமும் தெரியாமல் முடிந்திருக்கும்.

"பாருங்களேன்," என்றாள் அவள் மெதுவாக, "வர வேண்டிய இடத்துக்குத்தான் வந்திருக்கான். முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு, நமக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கான். யாருகிட்ட கத்துக்கிட்டானோ!"

நாற்காலியில் என் கணவர் கண்ணை மூடிக்கொண்டே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவளை இழுத்துக் கட்டிக்கொண்டேன். "நீ மட்டும் அன்னிக்கு வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா நான் நாசமாப் போயிருப்பேன்டி," என்று அவள் தோளிலேயே சொன்னேன். அவளும் அழுதாள். அவள் சத்தம் போட்டு அழுது நான் கேட்டதும் அன்றுதான்.

அறைந்த வேகத்தில் தாழ்ப்பாள் விழாமல் வாசல் கதவு திரும்பவும் திறந்துகொண்டு ஆடியது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழப் போனாள்.

"நீ உட்காரு. நான் சாத்தறேன்," என்றேன்.

கைப்பிடியைக் கீழே அழுத்திப் பிடித்தேன். இன்னொரு கையைக் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் வைத்து மெதுவாக இழுத்தேன். விரல் நசுங்கி, "ஐயோ அம்மா!" என்று அலறினேன்.

"பழகணும் அண்ணி," என்றாள் அவள். "வாங்க, பொடியனைப் பார்க்கலாம்."